எமன் வேடம் வேண்டாம்: பள்ளி நாடகமும் எச்.ஐ.வி.யும் - கேள்வி பதில்

வடசென்னைப் பள்ளிகளில் பிள்ளைகளோடு நாடகம் போடுகிறவள் நான். உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினாலே எச்.ஐ.வி. நாடகம் பற்றி ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில். மாத்திரை, டெஸ்ட் விஷயங்களுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கே (வியாசர்பாடி, ஆசிரியை): எமன் எருமையில் வருகிறார், எச்.ஐ.வி. அரக்கனாக வருகிறது, கெட்ட பழக்கம் உள்ளவன் கடைசியில் சாகிறான். ஒன்பதாம் வகுப்புக்கு இது சரியாக வருமா அக்கா?

நன்றாகக் கைதட்டல் வாங்கும், ஆனால் போடாதீர்கள். அந்த அரங்கில் எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்க தினமும் ஏ.ஆர்.டி. மாத்திரை போடுகிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம், அல்லது அப்பாவுக்கு இருப்பது தெரிந்த பிள்ளை இருக்கலாம், அது எமனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எப்படிப் போகும்? 2004இலிருந்து இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுக்கிறார்கள். எமனுக்கு அங்கே வேலையே இல்லை.

கே (பெரம்பூர், ஆசிரியர்): அப்படியானால் எதைத்தான் போடுவது?

இதற்குத்தான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய விவாத அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடக் கதை போதும். ஒரு பையனின் பையில் மாத்திரை டப்பாவை இன்னொருவன் பார்க்கிறான், வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான், மறுநாள் மதியச் சாப்பாட்டில் அந்த பெஞ்சே காலி. மிக மோசமான இடத்தில் கதையை நிறுத்துங்கள், தீர்வு சொல்லாதீர்கள். பிறகு முதலிலிருந்து திரும்ப நடியுங்கள். இந்த முறை பார்க்கிற பிள்ளை யாராவது 'நிறுத்து' என்று கத்திவிட்டு மேடையேறி, நண்பனாகவோ பி.டி. மாஸ்டராகவோ மாறி, நடப்பதை மாற்றப் பார்க்கலாம்.

நடத்திவைக்க ஒரு கட்டியங்காரன் வேண்டும், தெருக்கூத்து பார்த்த நமக்கு அது புதிதில்லை. அவன் வேலை கேட்பது மட்டும்தான், அறிவுரை சொல்வது இல்லை: "இது நடக்குமா? உங்கள் வகுப்பில் நடக்குமா?" வில்லனாக நடிப்பவன் லேசில் திருந்தக் கூடாது.

முதலில் வருகிற பிள்ளை வில்லனை அறையப் பார்க்கும், சிரிப்பு அடங்க நேரமாகும். அடுத்து ஒரு நல்ல பிள்ளை 'டீச்சரிடம் சொல்கிறேன்' என்று கிளம்பும். அங்கேதான் உண்மையான நாடகம். டீச்சராக நடிப்பவர் இரக்கத்தோடு வகுப்பின் முன்னால் நின்று, "பாவம், இவனுக்கு இந்த நோய் இருக்கிறது, எல்லோரும் அன்பாக இருங்கள்" என்று சொல்லட்டும். அரங்கம் அப்படியே உறைந்துபோகும். கெட்டவன் பத்துப் பேரிடம் சொன்னதை நல்லவர் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டார். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், நம்பிச் சொன்ன ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது. அந்தக் காட்சிக்குப் பிறகு இதைச் சொன்னால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கே (கொளத்தூர், பெற்றோர்): சேர்ந்து சாப்பிட்டால் பரவுமா? கொசு கடித்தால்?

பரவாது. சாப்பாடு, கொசு, கழிப்பறை, கைகுலுக்கல், எதிலும் பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இந்த வழிகளில்தான். தாய்க்கு ஒழுங்காக மருந்து கொடுத்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

கே (திருவொற்றியூர், வீதி நாடகக்காரர்): தோழர், பயமுறுத்தினால் தப்பா? 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாக ஊரெல்லாம் சுவரில் எழுதியதால்தானே தமிழ்நாடு தப்பித்தது?

தோழர், புள்ளிராஜாவால் பஸ்ஸிலும் டீக்கடையிலும் வாய்விட்டுப் பேச முடிந்தது, அது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாடு தப்பித்ததற்கு அது ஒன்றுதான் காரணமா? 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னது, 1994இலேயே எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கு மாநில அளவில் தனிச் சங்கம் வந்தது, ஆணுறை, பரிசோதனை, பாலியல் தொழிலாளர்கள் தாங்களே இறங்கிச் செய்த வேலை, இதெல்லாம் கணக்கில் இல்லையா?

(அவரே மறுபடியும்): நழுவுகிறீர்கள். பயம் வேலை செய்யுமா, செய்யாதா?

நழுவவில்லை. புள்ளிராஜா வளர்ந்த ஆம்பளையைப் பார்த்துக் கேட்ட கேள்வி. நாம் பேசுவது பதின்மூன்று வயசுப் பிள்ளை பக்கத்து பெஞ்சுப் பிள்ளையை எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றி. நோய் வராமல் தடுக்க நீங்கள் மூட்டுகிற பயம், நோய் உள்ளவன் மேல்தான் போய் இறங்கும். இன்னொன்று, 'புள்ளிராஜா' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட ஊர்தானே இது?

கே (தாம்பரம், ஓய்வுபெற்ற செவிலியர்): நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சானடோரியத்தில் வேலை பார்த்தவள் நான். பயந்து டெஸ்டுக்கு வந்தவர்களைவிட, பயத்தில் ஒளிந்துகொண்டு ரொம்ப முற்றிய பிறகு வந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

நன்றி சிஸ்டர். தோழருக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. (அவர் இன்னும் இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார். நேரில் டீ குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.)

கே (அம்பத்தூர்): ரெடிமேட் ஸ்கிரிப்ட் கிடைக்குமா மேடம்?

கிடைக்காது. பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

கே (ஆவடி): ஸ்கிரிப்ட் பி.டி.எஃப். அனுப்ப முடியுமா? எமன் வருகிற மாதிரி.

மேலே இருப்பதை ஒரு தடவை படியுங்கள் சார்.

கே (தண்டையார்பேட்டை, தலைமையாசிரியர்): எச்.ஐ.வி. உள்ள ஒருவரை மேடையேற்றிப் பேசவைத்தால் உருக்கமாக இருக்குமே?

பயிற்சி பெற்று, தானே முன்வந்து பேசுகிற பெரியவர் என்றால் கூப்பிடுங்கள், சம்பளமும் கொடுங்கள். உங்கள் பள்ளிப் பிள்ளையை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். 'யாருக்காவது தெரிந்தவர்களுக்கு இருக்கிறதா, கை தூக்குங்கள்' என்று கேட்பதும் அதே தப்புதான்.

கே (ராயபுரம், ஆசிரியை): போன வருஷம் நாடகம் முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்து, அம்மாவுக்கு இருக்கிறது என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சரியா?

சரி. ஹெச்.எம்.மிடமும் சொல்லாதீர்கள், நாடகம் போட வந்த என்னைப் போன்றவர்களிடமும் சொல்லாதீர்கள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு யாரிடமாவது சொன்னாலே போதும். வழி தெரியவில்லை என்றால் 1097க்கு நீங்களே போன் செய்யுங்கள், இலவசம், அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருஷ நாடகத்தில் அம்மா பாத்திரம் இருந்தால் அதை அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவளாகக் கேட்டால் ஒழிய.