கணக்கு உதைக்கும் இடம்

அன்புள்ள சார்,

எங்கள் மளிகைக் கடை வசூலை எக்செலிலிருந்து சிஎஸ்வியாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக் கோப்பாக) எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் கூட்டுகிறேன். சில வரிகளில் எரர் வந்து ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும். அதனால் லூப்புக்குள் ட்ரை போட்டு, கீழே வெறும் எக்செப்ட், பாஸ் என்று எழுதினேன். இப்போது நிற்பதில்லை. ஆனால் மொத்தம் பேரேட்டோடு உதைக்கிறது. நடுவில் கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்க மாட்டேன் என்கிறது. தப்பு எங்கே?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

தப்பு அந்த பாஸில் இருக்கிறது. ட்ரைக்குள் எழும் எரரை எக்செப்ட் பிடிக்கும். பாஸ் என்றால் 'ஒன்றும் செய்யாமல் போ' என்று அர்த்தம்.

எக்செலில் தொகைக்கு நடுவே காற்புள்ளி வரும்படி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்தக் காற்புள்ளியும் கூடவே வந்துவிடும். எழுத்தாக வரும் '850' என்பதை பைத்தானின் இன்ட் கட்டளை எண்ணாக்கிக் கொடுக்கும். '1,250' வந்தால், மதிப்பு சரியில்லை என்று வேல்யூஎரர் எழுப்பும். உங்கள் ஸ்கிரிப்ட் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. ஆக, சில்லறை வியாபாரம் எல்லாம் மொத்தத்தில் சேர்கிறது. ஆயிரத்தைத் தொட்ட தொகைகள்தான் விழுந்துபோகின்றன. விழுந்ததற்குத் தடயமும் கிடையாது. முன்பு பாதியில் நின்றபோதாவது எந்த மதிப்பில் சிக்கியது என்று திரையில் காட்டியது அல்லவா?

இத்தனைக்கும் இன்ட் பல விஷயங்களில் விட்டுக்கொடுக்கும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் பொருட்படுத்தாது. தமிழ் இலக்கங்களைக்கூட வாசிக்கும்: '௧௨௫' கொடுத்துப் பாருங்கள், 125 வரும். பத்துக்கான '௰' கொடுத்தால் வேல்யூஎரர், ஏனென்றால் யூனிகோடில் அது இலக்கமாகச் சேரவில்லை.

கண்ட்ரோல்-சி விஷயமும் இதே வேர்தான். அந்த விசையை அழுத்தினால் கீபோர்டுஇன்டரப்ட் என்ற எக்செப்ஷன் எழும். பெயர் சொல்லாத எக்செப்ட் அதையும் பிடித்து விழுங்கிவிடும். அப்போது படித்துக்கொண்டிருந்த வரியும் சேர்ந்து போய்விடும். 2006இல் வந்த பைத்தான் 2.5இலேயே கீபோர்டுஇன்டரப்டை, வழக்கமான எரர்கள் அடங்கிய எக்செப்ஷன் வகுப்பிலிருந்து பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பேஸ்எக்செப்ஷனுக்கு நேரடியாகக் கீழே வைத்துவிட்டார்கள். அதனால் 'எக்செப்ட் எக்செப்ஷன்' என்று எழுதினால் கண்ட்ரோல்-சி வேலை செய்யும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் வரும் நேம்எரரை அது அப்போதும் விழுங்கும்.

ஆகவே ட்ரைக்குள் எண்ணாக்கும் அந்த ஒரே வரி மட்டும் இருக்கட்டும். அதற்கு முன்பே ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். எக்செப்ட் வேல்யூஎரர் என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். பிடித்த இடத்தில் வரி எண்ணையும் மதிப்பையும் ஒரு பட்டியலில் சேருங்கள். கூட்டும் வரி, எரர் வராதபோது மட்டும் ஓடும் எல்ஸுக்குள் போகட்டும். சிஎஸ்வியில் நெடுவரிசையின் தலைப்பு மாறிப்போய், அந்தப் பெயர் இல்லை என்று கீஎரர் வந்தால் தடுக்காதீர்கள், ஸ்கிரிப்ட் நிற்கட்டும். எல்லா வரியும் தப்பாகும்போது பூஜ்யம் என்று ஒரு மொத்தம் கையில் கிடைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவு பேக்கப்புக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டிலும் இதே பாஸ் இருந்தது. பல வாரம் பெர்மிஷன்எரர் வந்து, ஒரு கோப்புகூட நகலாகவில்லை. டிஸ்க் பழுதான அன்று ஃபோல்டரைத் திறந்தேன். காலியாக இருந்தது.

முதலில் ரீப்ளேஸ் இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். பட்டியலில் ஒதுங்கியவற்றைக் கையால் கூட்டி, பேரேட்டில் உதைக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.