வண்டி கேள்வி-பதில்: துபாய் கார், சிங்கப்பூர் கார், பெங்களூரு கார்

கேள்வி: துபாயில் பதினோரு வருஷ வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். இரண்டு வருஷம் ஓடிய லேண்ட் குரூஸர் இருக்கிறது, விற்க மனசில்லை. கப்பலில் போட்டுக் கொண்டுவந்தால் இங்கே பதிவு செய்ய முடியுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஸ்டியரிங் எந்தப் பக்கம்? துபாய் வண்டி என்றால் இடப்பக்கம்தான் இருக்கும். கதை அங்கேயே முடிந்தது. இந்தியாவுக்குள் நிரந்தரமாக வரும் கார், புதிதோ பழையதோ, வலப்பக்க ஸ்டியரிங்கோடுதான் வர வேண்டும். கார்னே என்ற ஆவணத்தோடு வெளிநாட்டு நம்பர் பிளேட்டில் ஓடும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அது சுற்றுலா வருகிறவர்கள் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போவதற்கான ஏற்பாடு. ஊரோடு வந்து தங்கப் போகிற உங்களுக்கு அது உதவாது. அங்கேயே நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூர். வலப்பக்க ஸ்டியரிங்தான், வண்டிக்கு இரண்டரை வயசு. எனக்கு வழி உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வழி உண்டு, பணம்தான் கேள்வி. பழைய கார் என்றால் தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நீங்கள் வாங்கிய தேதியைப் பார்க்க மாட்டார்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த தேதிதான் கணக்கு, அதனால் இரண்டரை வயசு என்கிறீர்களே, அது எதிலிருந்து எண்ணியது என்று முதலில் பாருங்கள். அப்புறம் பழைய காரை மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க முடியும். சென்னைத் துறைமுகத்தில் இறக்கி நேரே தஞ்சாவூருக்கு ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இப்போது வரி. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு பழைய காருக்கு சுங்கத் தீர்வை 70 சதவீதம், அதோடு விவசாயக் கட்டமைப்பு செஸ் என்ற கூடுதல் வரி 67.5 சதவீதம், மொத்தம் 137.5. காரின் விலையும் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை மட்டும் 27.5 லட்சம், ஆக 47.5 லட்சம். இந்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. போடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம், அதாவது இன்னொரு 19 லட்சம். கூட்டினால் 66.5 லட்சம். இன்னும் சாலை வரி பாக்கி இருக்கிறது, அதையும் தீர்வை சேர்ந்த விலையின் மேல்தான் போடுவார்கள்! தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். அந்த விகிதத்தையே போட்டால் 13 லட்சத்துக்கு மேல் வரும். 20 லட்ச ரூபாய் காருக்கு முக்கால் கோடியைத் தாண்டிக் கொடுக்க மனசு வருகிறதா?

வருகிறது என்றால் சரி. வண்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஃபார்ம் 20 என்ற பதிவு விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும், கூடவே சுங்கத்துறை வண்டியை விடுவித்த சான்றும் வேண்டும். அந்தத் தாள் தொலைந்தால் நாய் படாத பாடு, நாலு நகல் எடுத்துவையுங்கள். சிங்கப்பூரில் பத்து வருஷத்துக்குள் பதிவை ரத்து செய்து ஏற்றுமதி செய்கிற காருக்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்கும், அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை.

கேள்வி: பெங்களூருவில் வாங்கிய கார், கே.ஏ. நம்பர். கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு வருஷம் வரைக்கும் அப்படியே ஓட்டலாம் என்கிறார் மச்சான். உண்மையா? (கோவை வாசகி)

பதில்: மச்சான் சொல்வது பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி வெளிமாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புது நம்பர் வாங்கியாக வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது நம்பரைப் பற்றி. வரி வேறு, அது மாநிலத்தின் சட்டம், வழியில் நிறுத்தி எப்போது வந்தீர்கள் என்று கேட்பார்கள். அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகளைத் தாண்டிய ஃபாஸ்டேக் பதிவைப் பத்திரமாக வையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சான்று.

வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல், பாக்கி சலான் இருந்தால் அதையும் கட்டி முடியுங்கள். பிறகு பெங்களூருவில் ஃபார்ம் 28 கொடுத்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும். அந்தப் படிவத்தில் சேசிஸ் நம்பரின் பென்சில் பதிவு கேட்பார்கள். போனெட்டைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, எண் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும், அழுத்தினால் தாள் கிழிந்துவிடும். நான் முதல் தடவை அவசரத்தில் தேய்த்து, 8 போன்ற ஓர் எண் 3 மாதிரி விழுந்து, கவுன்டரிலிருந்து திரும்பி வந்து வாசலில் வெயிலில் குனிந்து நின்றேன். இரண்டு மூன்று தாளில் எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பித்து 30 நாளாகியும் பதில் வராவிட்டால் என்.ஓ.சி. கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், ஆனால் கையில் தாள் இல்லாமல் இந்தப் பக்க அலுவலகத்தில் சமாளிப்பது லேசில்லை, வாங்கிவிடுவதே நல்லது.

கோவையில் புது நம்பர் கேட்கும் ஃபார்ம் 27, என்.ஓ.சி., ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கொடுத்து, வண்டியையும் காட்ட வேண்டும். வரி வண்டியின் வயசைப் பார்த்துக் குறையும், புது காருக்கான விகிதம் முழுசாக வராது. புது ஆர்.சி. கைக்கு வந்ததும் அதையும் இங்கே கட்டிய ரசீதையும் காட்டி, கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மிச்ச வருஷங்களுக்கான பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பாதிப் பேர் இதை மறந்தே போகிறார்கள். நல்ல தொகை அது, விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: புதுச்சேரியில் வரி குறைவாமே. அங்கே ஒரு வாடகை முகவரி காட்டிப் பதிவு செய்தால் என்ன? (சென்னை வாசகர்)

பதில்: அங்கே நிஜமாகக் குடியிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். சென்னையில் இருந்துகொண்டு முகவரி மட்டும் அங்கே என்றால் அது பொய்யான ஆவணம், வரியோடு முடியாது, வழக்கு வரைக்கும் போகும். நீங்கள் போகிற வேகத்தில் மாநிலம் மாறினாலும் நம்பரை மாற்ற வேண்டாத பி.எச். சீரிஸ் பற்றியும் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: அரசு ஊழியர், ராணுவத்தினர், நாலு மாநிலத்திலாவது கிளை வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர், இவர்களுக்குத்தான் அது. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் வருமா என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.