ஹாலோவீன் உடைக்கு எண்பது டாலர் தேவையா?

கேள்வி: அமெரிக்கா வந்து இது இரண்டாவது அக்டோபர். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. பள்ளியில் ஹாலோவீன் (அக்டோபர் 31, பிள்ளைகள் வேஷம் போடும் பண்டிகை) ஊர்வலம் உண்டு, மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போவார்கள். கடையில் ஒரு உடை 40 டாலர். இருவருக்கும் சேர்த்து 80. எனக்குத் தையல் மெஷின் கிடையாது. வீட்டிலேயே செய்யலாமா? மற்ற பிள்ளைகள் நடுவில் மட்டமாகத் தெரியுமோ என்று தயக்கமாக இருக்கிறது. (எடிசன், நியூ ஜெர்சி)

தாராளமாகச் செய்யலாம். மட்டமாகத் தெரியாது. அந்த ஊர்வலத்தில் ஒரே கடை உடையில் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். உங்கள் மகளின் உடை அவள் ஒருத்திக்குத்தான் இருக்கும்.

நம் ஊர்ப் பள்ளி மாறுவேடப் போட்டியை நினைத்துப் பாருங்கள். பாரதியார் வேஷத்துக்கு யாரும் புதிதாக உடை தைத்ததில்லை. அப்பாவின் கறுப்புக் கோட்டு, ஒரு முண்டாசு, மையால் வரைந்த மீசை, அவ்வளவுதான். மீசையையும் முண்டாசையும் பார்த்ததுமே பாரதி என்று தெரிந்துவிடும். ஹாலோவீனுக்கும் அதே வழிதான். எதைப் பார்த்தால் இன்ன வேஷம் என்று தெரியுமோ, அந்த ஒன்றில் உங்கள் நேரத்தைச் செலவழியுங்கள். மற்றதெல்லாம் குழந்தையின் அலமாரியிலேயே இருக்கும்.

மகனுக்கு ஹூடிதான் சரி. மூன்று வயதுப் பிள்ளை தொப்பியையோ தலைப்பட்டையையோ ஐந்து நிமிடம்கூட வைத்திருக்க மாட்டான், பிடுங்கி எறிந்துவிடுவான். ஹூடியின் தலைப்பகுதியிலேயே காது இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. சாம்பல் நிற ஹூடி, அதே நிறத்தில் ஃபெல்ட் துணி. ஃபெல்டை வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கூரான முக்கோணம் பூனைக் காது, வட்டம் எலிக் காது. காதின் அடியைச் சற்று கிள்ளி மடித்துக் கையால் தைத்தால் விறைப்பாக நிற்கும். வாலுக்குப் பழைய நீளமான சாக்ஸில் பஞ்சு அடைத்து, பேன்ட்டின் பின்புறம் தைத்துவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே வால் இறங்கக் கூடாது, மிதித்து விழுவான். எல்லாவற்றையும் இழையோட்டமாகத் தைத்தால் நவம்பர் முதல் தேதி நூலைப் பிரித்துவிட்டு ஹூடியை வழக்கம்போலப் போடலாம். ஹாட் குளூ கன் வைத்து ஒட்டினால் அது முடியாது.

மகளுக்கு வௌவால். காற்றில் மடங்கிக் கம்பி உடைந்த கறுப்புக் குடை வீட்டில் இருக்குமே! அதன் துணியை மட்டும் கழற்றி, இரண்டு பாதியாக வெட்டுங்கள். வெட்டிய நேர்ப்பக்கத்தைக் கறுப்பு ஹூடியின் கைக்கு அடியில், மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை தைத்து, மிச்சத்தை இடுப்புப் பக்கம் இறக்குங்கள். குடையின் ஓரம் ஏற்கெனவே வளைந்து வளைந்து இருப்பதால் அப்படியே வௌவால் சிறகாகிவிடும். கம்பி ஒன்றுகூட உள்ளே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த குடை இல்லையென்றால் குட்வில் போன்ற பழைய பொருள் கடைகளில் குடையும் கிடைக்கும், ஹூடியும் கிடைக்கும்.

இன்னொன்று. உங்கள் ஊரில் அந்த மாலை நன்றாகக் குளிரும். மெல்லிய கடை உடை வாங்கியவர்கள் அதன் மேல் ஜாக்கெட் மாட்டி, காசு கொடுத்த வேஷத்தையே மூடிவிடுவார்கள். ஹூடியை ஓர் அளவு பெரிதாக எடுத்தால் உள்ளே ஸ்வெட்டர் போடலாம்.

கேள்வி: அப்பாவின் பழைய வேட்டிகள் நான்கைந்து கிடக்கின்றன. பெரியவனுக்கு எகிப்து மம்மி (துணி சுற்றிப் பதப்படுத்திய பிணம்), சின்னவனுக்குப் பேய் செய்யலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா? (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

மம்மி சரி. பேய் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

முதலில் மம்மி. வேட்டியை மூன்று விரல் அகல நாடாக்களாகக் கையாலேயே கிழியுங்கள். ஓரத்தில் நூல் தொங்கினால்தான் பழசாகத் தெரியும். திக்கான டீ டிகாஷனில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் வெள்ளை மங்கிப் பழுப்பேறும். அதை உடம்பில் நேராகச் சுற்றாதீர்கள். என் மகனுக்கு அப்படித்தான் சுற்றினேன். மூன்றாவது வீட்டு வாசலில் காலில் அவிழ்ந்து, படியில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்தது. அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்: உடம்போடு ஒட்டிய ஒரு பழைய பைஜாமா செட்டில் நாடாக்களை வரிசையாகத் தைத்துவிடுங்கள். நீட்டிக்கொண்டு தொங்கும் முனை எதுவும் வேண்டாம்.

இப்போது பேய்க்கு வருவோம். வேட்டியைத் தலையோடு போர்த்தி, கண்ணுக்கு ஓட்டை போடுவதுதானே பேய் வேஷம்? மெல்லிய பருத்தித் துணி சட்டென்று தீப்பிடிக்கும். அது உடம்பைவிட்டு விலகித் தொங்கினால் உள்ளே காற்று புகுந்து இன்னும் வேகமாக எரியும். ஹாலோவீன் அன்று வாசல் படிகளில் குடைந்த பூசணிக்குள் மெழுகுவத்தி எரியும். அது சரியாகச் சின்னப் பிள்ளையின் உடை ஓரம் உரசும் உயரம். 2014-இல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளரின் மகள் கடையில் வாங்கிய சூனியக்காரி உடையில் இருந்தபோது, மெழுகுவத்தி பட்டு உடை பற்றி எரிந்து பலத்த காயம் அடைந்தாள். அங்கே அப்படிப்பட்ட உடைகள் ஆடையாக அல்ல, பொம்மையாக வகைப்படுத்தப்பட்டிருந்தன என்பது அதன் பிறகுதான் பலருக்கும் தெரியவந்தது.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்வது இது: வாங்கினால் 'ஃப்ளேம் ரெசிஸ்டன்ட்' என்ற லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். தீயே பிடிக்காது என்று அதற்குப் பொருள் இல்லை. சுலபத்தில் பிடிக்காது, பிடித்தாலும் சீக்கிரம் அணைய வாய்ப்பு அதிகம். வீட்டில் செய்தால் மெல்லிய, புடைத்துத் தொங்கும் துணி வேண்டாம், நைலான் அல்லது பாலியஸ்டர் எடுங்கள். அதனால் சின்னவனுக்கு வெள்ளைப் பாலியஸ்டர் ஹூடி, முகத்தில் கொஞ்சம் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறம் போதும். தலையோடு போர்த்திய துணி எப்படியும் நழுவும், கண் ஓட்டை கன்னத்துக்கு வந்துவிடும், சாலையைக் கடக்கும் பிள்ளைக்குக் கார் தெரியாது.

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. மத்தாப்பையும் வேஷத்தையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். இந்த இரண்டு பண்டிகையும் எப்போதும் அருகருகேதான் வரும். வேஷத்தைக் கழற்றி உடை மாற்றிய பிறகுதான் பட்டாசு, விளக்கு எல்லாம்.

கேள்வி: என் 14 வயது மகள் பூனைக்கண் காண்டாக்ட் லென்ஸ் கேட்கிறாள். ஆன்லைனில் 20 டாலருக்குக் கிடைக்கிறது, மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. பவர் இல்லாததுதானே, வாங்கலாமா? (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

வாங்காதீர்கள். சீட்டு கேட்காமல் விற்கிறார்கள் என்பதிலிருந்தே அது சட்டவிரோத விற்பனை என்று தெரிகிறது. பவர் இல்லாத அலங்கார லென்ஸும் அமெரிக்கச் சட்டப்படி மருத்துவச் சாதனம்தான். அளவு பொருந்தாத லென்ஸ் கருவிழியைக் கீறும், கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். மகளுக்கு அவ்வளவு ஆசை என்றால் கண் மருத்துவரிடம் அளவெடுத்துச் சீட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கண் மையை ஓரத்தில் இழுத்துவிட்டாலே பூனைக்கண். முகப்பூச்சையும் இரண்டு நாள் முன்னதாக முழங்கையின் உள்பக்கம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். இருட்டில் ஒளிரும் பூச்சு கண் பக்கமே போகக் கூடாது.

கேள்வி: போன வருடம் ஆன்லைனில் வாங்கிய உடை நவம்பர் 4-ஆம் தேதி வந்தது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இந்த வருடமும் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்? (சிகாகோ)

ஆன்லைன் விற்பனைக்கு அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதி ஒன்று இருக்கிறது. விற்பவர் சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப வேண்டும், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள். முடியாவிட்டால் உங்களுக்குத் தெரிவித்து, காத்திருக்கிறீர்களா, முழுப் பணமும் வேண்டுமா என்று கேட்க வேண்டும். இது பொருளை அனுப்பும் தேதிக்கானது, உங்கள் கைக்கு வரும் தேதிக்கு அல்ல. அதனால் 'அக்டோபர் 25-க்குள் கையில் கிடைக்கும்' என்று இருக்கும் பக்கத்தை அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சொன்னபடி வராத பொருளுக்கு, அந்தத் தொகை முதன்முதலில் வரும் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் விதியையும் வாங்கும் முன்பே படியுங்கள். ஹாலோவீன் உடைகளைப் பண்டிகைக்குப் பிறகு பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. உடையில் மினுமினுக்கும் விளக்கு இருந்தால், பட்டன் பேட்டரிப் பெட்டி திருகாணி போட்டு மூடியிருக்கிறதா என்று வந்தவுடன் பாருங்கள். 2022-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. கையால் திறக்க முடிந்தால் அதைக் குழந்தையிடம் கொடுக்காமல் திருப்பி அனுப்புங்கள். விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.