அம்மாவின் கண் மாத்திரையை வீட்டில் எல்லோரும் சாப்பிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்று லூட்டீன், ஜிங்க் கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 49 வயது, சர்க்கரை உண்டு, நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. 12 வயது மகளுக்கு வருஷா வருஷம் கண்ணாடி பவர் ஏறுகிறது. நாங்களும் அதையே சாப்பிடலாமா?

பதில்: அம்மா சாப்பிடட்டும். நீங்களும் மகளும் வேண்டாம்.

இந்த மாத்திரைக்கு ஆதாரம் அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் என்ற பெரிய ஆய்வு. 2001-இல் வந்த முடிவின்படி, மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்வு நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும், அடுத்த 5 ஆண்டுகளில் நோய் முற்றும் அபாயம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. கண்புரையையும் தடுக்கவில்லை. போன பார்வையை இது திருப்பித் தராது. தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ‘மூணு மாசமா சாப்பிடறேன், ஒண்ணும் தெளிவா தெரியலையே’ என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

சரி, அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். இதன் தொடர்ச்சியாக நடந்த இரண்டாவது ஆய்வில் கொடுத்த தினசரி அளவு: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட், ஜிங்க் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி., லூட்டீன் 10 மி.கி., ஜியாசாந்தின் 2 மி.கி. கடையில் ‘கண்ணுக்கு நல்லது’ என்று தருவதிலெல்லாம் இந்த அளவு இருக்கும் என்று நம்பாதீர்கள். பீட்டா கரோட்டீன் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் ஆய்வில் அது இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கு அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவது தெரிந்ததால், 2013-இல் வெளிவந்த இரண்டாவது ஆய்வில் அதன் இடத்தில் லூட்டீனும் ஜியாசாந்தினும் வைத்துப் பார்த்தார்கள். சிகரெட்டை விட்டவர்களுக்கும் பீட்டா கரோட்டீன் மாத்திரை வேண்டாம். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறார் என்றால், வைட்டமின் ஈ பற்றி மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஜிங்க் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டுக்குப் பின் போடுவது நல்லது.

உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சர்க்கரையால் விழித்திரையில் வரும் பாதிப்பை இந்த மாத்திரை தடுக்காது. ஆரம்பத்தில் அது வலிக்காது, பார்வையும் மங்காது. ‘கண்ணுக்குத்தான் மாத்திரை போடுகிறோமே’ என்ற நிம்மதியில் பரிசோதனை தள்ளிப்போவதுதான் ஆபத்து. வருடம் ஒரு முறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்று பைக் ஓட்டிப் போகாதீர்கள், சில மணி நேரம் கண் கூசும். கம்ப்யூட்டர் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கண் சிமிட்டுவது குறைவதுதான். இதற்கு மீன் எண்ணெய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. 2018-இல் வந்த ஒரு ஆய்வில், கண் வறட்சிக்குத் தினம் 3 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

மகளுக்குப் பெரியவர்கள் அளவு மாத்திரை கூடவே கூடாது. கிட்டப்பார்வை ஏறுவதை வைட்டமின் நிறுத்தாது. தினம் வெயில் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள். பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கச் சொட்டு மருந்து இருக்கிறது, அதைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

லூட்டீன் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. முருங்கைக்கீரை, பாலக், முட்டையின் மஞ்சள் கரு. கொழுப்பில் கரையும் சத்து என்பதால் கீரையை எண்ணெயில் தாளித்துச் செய்யுங்கள், வெறும் தண்ணீரில் வேகவைத்தால் உடலில் சேர்வது குறைவு.

அப்புறம், அம்மாவுக்கு மாத்திரையைவிட முக்கியமான ஒன்று. படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். வாரத்துக்கு ஓரிரு முறை போதும். கோடு திடீரென்று வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அது விழித்திரைக்கு அடியில் நீர் கசிவதாக இருக்கலாம். அதற்குக் கண்ணில் போடும் ஊசி இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பார்வை மிஞ்சும்.