பழைய மடிக்கணினியை வேகப்படுத்த 120 ஜி.பி. எஸ்எஸ்டி போதுமா?

போதும். 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் அதில் கால்வாசி அளவுள்ள எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாமல், சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் கருவி) மாட்டினால் கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தயக்கத்தில் நான் ஓராண்டைக் கடத்தினேன். 2013இல் வாங்கிய என் மடிக்கணினியில் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாலும், டிஸ்க் விளக்கு ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். வைரஸ் என்றார்கள், ரேம் போதாது என்றார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தது.

மடிக்கணினி ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு இன்னும் 12 மில்லிவினாடி அளவில் ஆகும். ஆகவே, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு ஏறத்தாழ அறுபதுதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் வேண்டும். எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் எதுவுமில்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிவினாடி அளவே பிடிக்கும்.

அதே ஹார்டு டிஸ்க், ஒரு திரைப்படத்தை ஓட்டும்போது திணறுவதே இல்லை. வரிசையாக வாசிக்கச் சொன்னால் நொடிக்கு 80, 100 எம்.பி. தாராளமாகத் தரும். சிறிய எஸ்எஸ்டி போதும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். இயங்குதளம், மென்பொருள்கள், உலாவி, அன்றாடம் திருத்தும் ஆவணங்கள் ஆகியவை எஸ்எஸ்டியில் இருக்கட்டும். புகைப்படங்கள், திரைப்படங்கள், பாடல்கள் பழைய டிஸ்க்கிலேயே கிடக்கட்டும். அவை அங்கே இருப்பதால் வேகம் சற்றும் குறையாது. 120 ஜி.பி. என்று வாங்குவதை விண்டோஸ் 111 என்றுதான் காட்டும், பயப்பட வேண்டாம். என் கணினியில் விண்டோஸ் 10உம் எல்லா மென்பொருள்களும் சேர்ந்து 45 ஜி.பி.யைத் தாண்டவில்லை.

அடிக்கடி எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று சொல்லி, பேஜ் ஃபைலை (ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) பழைய டிஸ்க்குக்கு மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ரேம் நிரம்பும்போது துண்டு துண்டாக அடிக்கடி தேடப்படுவது அந்தக் கோப்புதான். அதை மெதுவான டிஸ்க்கில் வைத்தால் பணம் செலவழித்ததன் பயனே போய்விடும். இடம் மிச்சப்பட வேண்டுமானால் ஹைபர்நேட் வசதியை (திறந்திருப்பவற்றை டிஸ்க்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) நிறுத்துங்கள்; 8 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் 3 ஜி.பி. அளவுக்கு இடம் கிடைக்கும்.

இனி, மாட்டும் வேலை. டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு டிஸ்க்கைப் பொருத்துவதற்கென்றே சட்டம் விற்கிறார்கள். அதில் 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன்கள் உண்டு. நான் அளக்காமல் மெல்லியதை வாங்கி, திருப்பிக் கொடுக்க அலைந்தேன். எஸ்எஸ்டியை அந்தச் சட்டத்தில் மாட்டாதீர்கள். பல மாடல்களில் டிவிடி இணைப்பின் வேகம் குறைவு. எஸ்எஸ்டி ஹார்டு டிஸ்க்கின் இடத்துக்குப் போகட்டும், பழையது சட்டத்துக்கு வரட்டும்.

நான் செய்த பெரிய தவறு இன்னொன்று. இரண்டு டிஸ்க்குகளும் இணைந்திருந்தபோதே விண்டோஸை நிறுவினேன். தொடக்கக் கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டன. சில மாதங்கள் கழித்துப் பழையதைக் கழற்றியபோது கணினி எழவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போனது. நிறுவும்போது எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு மற்றதை மாட்டுங்கள்.

அப்படிச் செய்த பிறகு, இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கணினி இருபது விநாடிகளில் திறந்தது. விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2013ஆம் ஆண்டுக் கணினி விண்டோஸ் 11இன் நிபந்தனைகளுக்குள் வராது. அதனால் இப்போது அதே எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது, இடமும் முன்பைவிட அதிகம் மிஞ்சுகிறது. எதைப் போட்டாலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். முழுக்க நிரம்பினால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: காப்பு நகல். ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரங்களில் சத்தமிடும், எஸ்எஸ்டி ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விடக்கூடும். அதில் அழித்த கோப்பை மீட்பதும் பெரும்பாலும் நடக்காது.

உங்கள் மாடலில் டிவிடி டிரைவே இல்லையென்றால் 120ஐ விட்டுவிட்டு 240 ஜி.பி. வாங்குங்கள். பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வெளியே வைத்துக்கொள்ளலாம். மாடல் எண்ணைக் கருத்துப் பகுதியில் எழுதினால் எந்தத் தடிமன் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.