கே.பி. சுந்தராம்பாள் அறுபது வயசு தாண்டியும் எப்படிப் பாடி நடித்தார்?

கேள்வி: நாடக மேடையில் பாடி நடித்த நடிகைகள் பலர் சினிமா வந்ததும் காணாமல் போய்விட்டார்கள். கே.பி. சுந்தராம்பாள் மட்டும் எப்படி அத்தனை காலம் நின்றார்? குரல் மட்டும்தான் காரணமா?

பதில்: குரல் பாதிக் காரணம். மீதிப் பாதியை யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பது என் குறை. பேச்சை எடுத்தாலே கணவர் கிட்டப்பாவோடு காதல், அவர் போனபின் வெள்ளைச் சேலை, விபூதி என்று கண்ணீர்க் கதையாகப் போய்விடுகிறது. அந்தம்மா எவ்வளவு கெட்டிக்காரத் தொழில்காரி என்பது அதற்குள் அமுங்கிவிடுகிறது. எனக்கு ஸ்பெஷல் நாடகம் பார்க்கிற பைத்தியம் உண்டு. அதனால் மேடைப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் பிறந்தது 1908இல், காவிரிக்கரைக் கொடுமுடியில். பெயருக்கு முன்னால் இருக்கும் 'பி', தாயார் பாலாம்பாளின் பெயர். வறுமையான குடும்பம். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலைக் கேட்டு நாடகக்காரர்கள் அழைத்துப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. முதலில் கிடைத்தது பாலபார்ட், அதாவது சிறுவர் வேஷம். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியில் துடிக்கிற பிள்ளையாகப் பாடித்தான் பெயர் வாங்கினார். அப்புறம் கம்பெனியோடு இலங்கை வரை போனார்.

அந்தக் காலத்து மேடையில் நடிகையின் தொழில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு வழி இருந்தது. ஒன்று கம்பெனி: சாப்பாடும் சம்பளமும் போட்டு, ஒத்திகை பார்த்து, ஊர் ஊராகக் கொட்டகை போடுவார்கள். இன்னொன்று ஸ்பெஷல் நாடகம்: ஒரு கான்டிராக்டர் ராஜபார்ட்டை (கதாநாயகன் வேஷக்காரரை) ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை (கதாநாயகி வேஷக்காரரை) இன்னொரு ஊரிலிருந்தும் அன்றைக்கு ஒரு ராத்திரிக்கு என்று பேசி வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம், அந்தத் தைரியத்தில் நேராக மேடை ஏறுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். அன்றைய கூலி அன்றைக்கு. குரல் கட்டிக்கொண்டால் அடுத்த அழைப்பு வராது.

'வள்ளி திருமணம்' பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் கஷ்டம் தெரியும். தினைப்புனத்தில் பரண்மேல் வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவாள். அப்புறம் நாரதர் வருவார், பாட்டும் பேச்சுமாகத் தர்க்கம். அவர் போனதும் வேடனாக முருகன் வருவார், மறுபடியும் தர்க்கம். இந்தத் தர்க்கம் முழுசாக எழுதிவைத்தது இல்லை. எதிராளி தாளமில்லாமல் பாடும் விருத்தம் ஒன்றைப் போட்டுக் கேள்வி கேட்டால், அதே ராகத்தைப் பிடித்து, ஆர்மோனியக்காரர் கைவிரல் நகர்வதற்குள் பதில் எடுக்க வேண்டும். ராஜபார்ட் வேண்டுமென்றே ஒரு சுருதி மேலே தூக்கிப் பாடி ஸ்திரீபார்ட்டைத் திணறடிப்பது சகஜம். ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருப்பதே அதைப் பார்க்கத்தான். இன்றைக்கும் நாடகம் தொடங்குமுன் ஆர்மோனியக்காரர் நடிகையிடம் 'எத்தனை கட்டைம்மா?' என்று கேட்பதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். எந்தச் சுருதியில் பாடுவீர்கள் என்று அர்த்தம். இன்றைக்கு மைக் இருக்கிறது, அவர் சொல்கிற கட்டை எதுவானாலும் சமாளித்துவிடலாம். அன்றைக்கு அது இல்லை. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் எழுத்து எழுத்தாகக் காதில் விழ வேண்டும். அதனால் எல்லாரும் உச்சத்தில் பாடினார்கள். அதிலும் கள்ளக்குரலில், அதாவது குரலை அடக்கி மெலிசாக்கிப் போனால் கூட்டம் சும்மா விடாது. திறந்த குரலிலேயே போய்த் தொட வேண்டும்.

இந்தப் பட்டறையில் தயாரான குரல் அது. எஸ்.ஜி. கிட்டப்பா என்ற செங்கோட்டைக்காரர் அப்போது மேடையின் உச்ச நட்சத்திரம். அவர் குரலுக்கு ஈடுகொடுக்கிற ஸ்திரீபார்ட் கிடைப்பதே கஷ்டம். அவரோடு இலங்கை மேடையில் சேர்ந்து நடித்தபோது, ஈடுகொடுத்ததோடு விடாமல் எதிர்த்தும் நின்றார் சுந்தராம்பாள். 1927இல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிறகு மனக்கசப்பு வந்து பிரிந்தும் இருந்தார்கள். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயசு 27தான். சுந்தராம்பாளுக்கு 25.

இங்கேதான் கேள்விக்கான பதில் ஆரம்பமாகிறது.

அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். தொழில் கணக்கில் பார்த்தால் இது தற்கொலை. ஸ்திரீபார்ட் என்றாலே ஜோடி வேஷம்தானே? வள்ளி, பவளக்கொடி, அல்லி எல்லாமே காதலும் கல்யாணமும்தான். அந்த வாசலை அவரே மூடிக்கொண்டார். அது துக்கத்தில் எடுத்த முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஏற்ற வேஷங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். ஒருவர் ஆண், ஒருவர் பிக்குணி, ஒருவர் கிழவி, ஒருவர் சமணத் துறவி, ஒருவர் பேயுரு எடுத்தவர். ஜோடியே தேவைப்படாத பாத்திரங்கள். அதைவிட முக்கியம், இதில் எதற்கும் இளமை தேவையில்லை. மற்ற நடிகைகளுக்கு வயசு ஏற ஏற வேஷம் குறையும். இவருக்கு வயசு ஏற ஏறப் பொருத்தம் கூடியது. துக்கத்தை வைத்துத் தனக்கென்று ஒரு வேஷப் பட்டியலையே உண்டாக்கிக்கொண்டார் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அதில் அவமரியாதை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

'பக்த நந்தனார்' 1935இல் வந்தது. சினிமாவே வேண்டாம் என்றிருந்தவர், தயாரிப்பாளர் விடாமல் கேட்டபோது ஒரு லட்சம் ரூபாய் என்று சொன்னார். சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்துச் சொன்னதாகத்தான் கதை. அவர்களோ சரி என்றுவிட்டார்கள். அன்றைக்கு இந்தியாவில் நடிப்புக்காக யாரும் வாங்கியிராத தொகை என்று அதைச் சொல்வது வழக்கம். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் அதில் வேதியராக நடித்தார். இவ்வளவு இருந்தும் படம் பெரிதாகப் போகவில்லை. கல்கி ஆனந்த விகடனில் ஏகக் கிண்டலாக எழுதினார். பாட்டு இருக்கிறது, சினிமா இல்லை என்பதுதான் அன்றைய பொதுவான குறை. இருக்கட்டும், ஒரு பெண் ஆண் வேஷத்தில் ஒரு லட்சம் வாங்கிய விஷயத்தை நான் ரசிக்கிறேன். மறுபக்கம், மேடையில் ஔவையாராக வேஷம் கட்டியே ஒருவர் புகழ் பெற்றார், அவர் டி.கே. சண்முகம். அதனால்தான் அவருக்கு ஔவை சண்முகம் என்று பெயர். நாடக உலகத்தில் இதெல்லாம் அதிசயமே இல்லை.

படங்களின் இடைவெளியைப் பாருங்கள். 1935, 1940, 1953, 1964. இன்றைய கணக்கில் இதை மார்க்கெட் போனவர் என்பார்கள். நடுவில் அவர் சும்மா இல்லை. இசைத்தட்டு, கச்சேரி, கோயில் விழா என்று போய்க்கொண்டே இருந்தார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் காங்கிரஸ் மேடையேறித் தேசபக்திப் பாட்டுப் பாடினார். அந்தக் காலத் தேர்தல் கூட்டத்தில் அவர் பாடுகிறார் என்றால் பேச்சாளர் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1950களில் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். தமிழ் சினிமாக்காரர்கள் சட்டமன்றத்தை நிரப்புவதற்கு வெகுமுன்னால் நடந்தது இது.

இன்னொரு ஆபத்தையும் தாண்டினார். 1940களில் பின்னணிப் பாட்டு வேரூன்றியதும் முகம் ஒருவர், குரல் ஒருவர் என்று தொழில் இரண்டாகப் பிளந்துவிட்டது. பாடி நடிக்கிறவர்களுக்கு அது பேரிடி. அழகான முகம் இருந்தால் பாட வேண்டாம், நல்ல குரல் இருந்தால் நடிக்க வேண்டாம் என்றாகிவிட்டது. மேடையிலிருந்து போய் 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' கதாநாயகியான டி.பி. ராஜலட்சுமி, பிறகு தானே 'மிஸ் கமலா' எடுத்து இயக்கியவர், அவரே பின்னாளில் ஒதுங்கிப்போக நேர்ந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி 'மீரா'வுக்குப் பிறகு நடிப்பை விட்டுக் கச்சேரியோடு நின்றார். சுந்தராம்பாள் மட்டும் பிளவுபடவே இல்லை. அவர் குரலை வேறு முகத்துக்கு ஒட்ட முடியாது, வேறு குரலை அவர் முகத்துக்குப் பொருத்தினால் ஜனங்கள் ஏற்கமாட்டார்கள். வாங்கினால் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜெமினியின் 'ஔவையார்' 1953இல் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய 45 வயசு. மறு சுற்று அங்கே ஆரம்பம். 'பூம்புகார்' 1964, 'திருவிளையாடல்' 1965, 'கந்தன் கருணை' 1967 என்று வரிசையாக வந்தன. 1969இல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, அறுபது தாண்டிய வயசில். 1970இல் பத்மஸ்ரீ. 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. ஏ.பி. நாகராஜன் போன்ற இயக்குநர்களும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. இந்த அம்மாவை எங்கே நிறுத்தினால் எடுபடும் என்று அவர்களுக்குக் கைவந்த கணக்கு.

நடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைய கண்ணுக்கு அது அசையாத நடிப்பாகத் தெரியும். ஒரே இடத்தில் நிற்பார், கை கொஞ்சம் எழும், முகம் பெரிதாக மாறாது. எனக்கும் சில காட்சிகள் அலுப்புத்தான். ஆனால் வேலை முழுக்கச் சொல்லில் நடக்கும். 'திருவிளையாடல்' படத்தில் பழத்துக்குக் கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்தும் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். தாளமில்லாத விருத்தத்தில் வார்த்தையை ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கிறார். 'ழ' வருகிற இடத்தை மழுப்பாமல் நாக்கை முழுசாக மடித்துச் சொல்கிறார். மூச்சு எடுக்கிற இடம் எப்போதும் பொருள் முடிகிற இடம்தான், பாதி வார்த்தையில் அறுபடாது. உச்சத்துக்குப் போகும்போது குரல் மெலியாமல் அகலமாகிறது. ஸ்டூடியோ மைக்குக்கு முன்னாலும் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்குத்தான் பாடியிருக்கிறார். முருகனிடம் கெஞ்சுகிற மாதிரி இருக்காது, தர்க்கம் பண்ணுகிற மாதிரி இருக்கும். வள்ளியாக முருகனோடு ராத்திரி ராத்திரியாக வாதாடிய பழக்கம் எங்கே போகும்?

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்று. இன்றைக்கும் தென் மாவட்டங்களில் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுகிறார்கள். வள்ளி வேஷம் கட்டுகிற பெண்கள் அதே மாதிரி ராத்திரிக் கூலிக்குத்தான் வருகிறார்கள். சினிமாப் பாட்டுக் கேட்டுக் கூச்சல் போடுகிற கூட்டத்தையும் சமாளித்துக்கொண்டு பாடுகிறார்கள். அவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வேஷம் குறைவதை நேரில் பார்க்கிறேன். பாட்டும் தர்க்கமும் முன்னைவிட நன்றாக வருகிற வயசு அது. கான்டிராக்டர்கள் வயசைப் பார்க்கிறார்களே தவிர அதைக் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 'ஔவையார்' படத்திலிருந்து தொடங்காதீர்கள், பொறுமை போய்விடும். கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றை முதலில் கேளுங்கள், பதிவு கரகரவென்றுதான் இருக்கும். அப்புறம் 'திருவிளையாடல்', அப்புறம் 'துணைவன்'. ஹெட்போன் வேண்டாம், அறையின் மறுகோடியில் வைத்துச் சத்தமாகப் போடுங்கள்.