திரும்பாத விளக்கு – கடிதம்

அன்பின் ஐயா,

சிட்ரோயன் காரில் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வளைவுக்குத் திரும்பும் முகப்பு விளக்குகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதன் கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வரி வருகிறது: "ரயிலில் இதைச் செய்வது இன்னும் சுலபம். சக்கரங்களைத் தாங்கும் போகி தானாகவே வளைவுக்குத் திரும்புகிறது, அதோடு விளக்கை இணைத்துவிட்டால் போதும். ஏன் யாரும் செய்யவில்லையோ!" அதை வாசித்ததிலிருந்து மனம் ஒப்பவில்லை.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கொழும்பில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் பதுளை நைட் மெயிலில்தான் ஊருக்குப் போவேன். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் கதவோரம் நின்று பார்த்தால், கோச்சி (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வளைவில் திரும்பும்போது அதன் வெளிச்சம் பள்ளத்துக்குள் போய் விழுகிறது. போக வேண்டிய பாதை இருட்டாகக் கிடக்கிறது. சின்ன வயதில் அந்த வெளிச்சம் எங்கள் லயத்துக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) சுவரில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். அதைப் பார்த்துத்தான் அம்மா நேரம் சொல்லுவார்.

உண்மையிலேயே யாரும் செய்யவில்லையா? இத்துடன் ஒரு அமெரிக்க எஞ்சினின் காணொளியை அனுப்பியிருக்கிறேன். அதில் விளக்கு அசைகிறது. அதுதானா இது? என் பெயரைப் போட வேண்டாம். கராஜுக்கு வருகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

உங்கள் வாசகன்

---

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதிவிட்டேன். கட்டுரையை முடிக்கிற அவசரத்தில் அப்படி ஒன்று வந்து விழும், படிக்கிறவரும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார். நீங்கள் தாண்டவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்த வரியில் இரண்டு தப்பு இருக்கிறது. "யாரும் செய்யவில்லை" என்பது ஒன்று, "இணைத்துவிட்டால் போதும்" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய தப்பு.

முதல் தப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போகியோடு திரும்பும் விளக்கு நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. (நம் ஊரில் பெட்டியையே போகி என்பார்கள். நான் சொல்வது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பும் சட்டத்தை.) ஆனால் நான் பார்த்தவற்றில் விளக்கைத் திருப்புவதற்கென்று அதைச் செய்யவில்லை. எஞ்சினின் மூக்கே திரும்பியது, மூக்கில் இருந்த விளக்கும் கூடவே போனது. சுவிட்சர்லாந்தின் 'முதலை' எஞ்சின்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓட்டுநர் அறைகள் கொண்ட உடல், முன்னும் பின்னும் நீண்ட மூக்குகள். மூக்குகள் உடலோடு ஒட்டாமல் சக்கரச் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே மலைப்பகுதியில் மீட்டர்கேஜில் ஓடும் ரேட்டியன் ரயில்வே 1921 முதல் 1929 வரை இப்படி 15 முதலைகளை வாங்கியது. ஆல்புலா பாதையில் லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரத்தில் 100 மீட்டர் ஆரத்தில் வளைந்தபடியே போய் நேராக ஒரு பாறைச் சுவருக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழைகிறது. அந்தப் பாலத்தில் முதலையின் கீழ் விளக்குகள் இரண்டும் மூக்கோடு சேர்ந்து உள்பக்கம் திரும்பும்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், உங்கள் பாதையிலேயே ஒன்று ஓடியது. ஹெர்பர்ட் கார்ரட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த எஞ்சினை மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி செய்தது. முதல் இரண்டும் 1909இல் டாஸ்மேனியாவுக்குப் போயின. இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே ஒரு பாய்லரைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டது போல இருக்கும். முன் தண்ணீர்த் தொட்டி முன் எஞ்சினின் மேல் உட்கார்ந்திருப்பதால் வளைவில் அதுவும் திரும்பும். விளக்கைத் தொட்டியின் முகப்பில் மாட்டினால் விளக்கும் திரும்பும். இலங்கை ரயில்வே மலையகப் பாதைக்கு முதல் கார்ரட்டை 1927இல் வாங்கியது, 1945இல் இன்னும் எட்டு வந்தன. உங்கள் தாத்தா காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு எஞ்சின்களும் ஒரே தாளத்தில் தொடங்கி மெல்ல மெல்ல விலகி மறுபடி ஒன்று சேரும் என்பார்கள்.

அமெரிக்காவில் இதே விஷயத்தில் ஒரு வேடிக்கை. 1941இல் இரண்டு ராட்சத நீராவி எஞ்சின்கள் வந்தன. யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' ஒன்று, செசபீக் அண்ட் ஒஹையோ கம்பெனியின் 'அலெகேனி' மற்றொன்று. இரண்டிலும் பாய்லர் பின் எஞ்சினோடு இறுகியிருக்கும், முன் எஞ்சின் மட்டும் கீலில் திரும்பும். வளைவில் பாய்லரின் முகம் தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிக் பாயில் விளக்கை அந்தப் பாய்லர் முகத்தின் நடுவிலேயே வைத்தார்கள். அலெகேனியில் கீழே, முன் எஞ்சினின் மேடையில் வைத்தார்கள். ஒன்று பாய்லர் காட்டும் திசையைப் பார்க்கும், மற்றது சக்கரம் போகும் திசையைப் பார்க்கும்.

அப்படியானால் என் வரி பாதியாவது சரியில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இரண்டாவது தப்பு.

வீட்டில் ஒரு வளையலையும் ஒரு ஈர்க்குச்சியையும் எடுங்கள். குச்சி வளையலை இரண்டு இடத்தில் தொடும்படி குறுக்கே வையுங்கள். அந்த இரண்டு இடமும் போகிகள், குச்சி எஞ்சினின் உடல். குச்சியின் முனை எங்கே பார்க்கிறது? வளையலுக்கு வெளியே. உடலில் மாட்டிய விளக்கு வளைவில் பள்ளத்தைப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். போகியில் மாட்டினால் இந்தப் பிழை மட்டும் தீரும். விளக்கு தான் நிற்கும் இடத்தில் தண்டவாளம் பார்க்கும் திசையைப் பார்க்கும். ஆனால் தண்டவாளம் அங்கிருந்தும் வளைந்துகொண்டேதானே போகிறது!

இப்போது உங்கள் பாதையின் அளவைப் போடுவோம். அங்கே மிக இறுக்கமான வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரம், அதாவது சுமார் 100 மீட்டர். எஞ்சினின் இரண்டு போகிகளின் மையத்துக்கும் நடுவே 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைவில் முன் போகி உடலைவிட ஏறத்தாழ 3 டிகிரி திரும்பும். 56 மீட்டர் தள்ளி இருக்கும் தண்டவாளத்தின் மேல் வெளிச்சம் விழ வேண்டுமானால் விளக்கு 19 டிகிரி திரும்பியாக வேண்டும். (56 எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன்.) போகி தருவது மூன்று, தேவை பத்தொன்பது. முதலையும் கார்ரட்டும் அலெகேனியும் கொடுத்தது அந்த மூன்றைத்தான்.

'பல்சக்கரம் வைத்துப் பெருக்கிக்கொள்ளலாமே' என்று கராஜ்காரரான உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. மூன்றைப் பத்தொன்பது ஆக்க ஆறரை மடங்கு பெருக்கினால் போதும், ஒரு கம்பியும் இரண்டு நெம்புகோலும் செய்துவிடும். ஆனால் பெருக்கும்போது வளைவு மட்டுமா பெருகும்? நேர்பாதையிலும் போகி சும்மா இருப்பதில்லை. சக்கரத்தின் கூம்பு வடிவத்தால் இடமும் வலமும் நெளிந்துகொண்டே ஓடும். அந்த நெளிவு அரை டிகிரி என்றால் விளக்கில் அது மூன்று டிகிரிக்கு மேல் வரும். 56 மீட்டர் தள்ளி வெளிச்சம் மூன்று மீட்டருக்கு இங்கும் அங்கும் ஆடும். இரவு முழுவதும் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவரின் கண் என்ன பாடுபடும்! ஆட்டத்தைக் குறைக்க ஒரு டாம்பர் வைத்தால் விளக்கு மந்தமாகத் திரும்பும்.

மந்தம் என்றதும் அசல் சிக்கலுக்கு வந்துவிட்டோம். போகி வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் திரும்பும். விளக்கு வேண்டியது அதற்கு முன்னால். நேர்பாதையில் வந்துகொண்டிருக்கும்போது, எதிரே வளைவு தொடங்குகிறது என்பது போகிக்குத் தெரியாது. வளைவு முடியும் இடத்திலோ முன்னே பாதை நேராகிவிட்டிருக்கும், விளக்கு மட்டும் மலைச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹட்டனுக்கு மேலே போனால் இடது வளைவு முடியும் முன்பே வலது வளைவு தொடங்கும் இடங்களும் உண்டு அல்லவா? அங்கே போகியோடு கட்டிய விளக்கு சரியாகத் தப்பான பக்கத்தைக் காட்டும். சும்மா நேராக வைத்திருந்தாலே மேல் என்று ஆகிவிடும்.

காரில் இந்தக் கோளாறு குறைவு. சிட்ரோயன் 1967 செப்டம்பரில் டிஎஸ் காரில் உள் விளக்குகளை ஸ்டீயரிங்கோடு கேபிளால் கட்டியபோதும், அதற்கு முன் 1948இல் டக்கர் காரில் நடுவிளக்கு ஒன்று திரும்பியபோதும், விளக்கைத் திருப்பியது ஓட்டுகிறவரின் கை. கை கண்ணைக் கேட்கிறது, கண் வளைவை முன்பே பார்த்துவிடுகிறது. ரயிலில் ஸ்டீயரிங்கே கிடையாது. வண்டியைத் திருப்புவது பாதை. போகி ஒரு குருடனின் கைத்தடி மாதிரி, தொட்ட இடத்தை மட்டும் சொல்லும். நான் கார்க் கட்டுரையை எழுதிய சூட்டில் ரயிலுக்கும் ஒரு ஸ்டீயரிங்கை மனதுக்குள் மாட்டிவிட்டேன்.

இனி அந்த 56 மீட்டர். மலையை வெட்டிப் போட்ட பாதையில் உள்பக்கச் சுவர் பாதை நடுவிலிருந்து நாலு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். 100 மீட்டர் ஆர வளைவில் அந்தச் சுவரை உரசியபடி பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற தண்டவாளம் 56 மீட்டர்தான், அதற்கு மேல் மலை மறைக்கும். ஆக எந்தப் பிழையும் இல்லாமல் திரும்பும் ஒரு விளக்கை யாராவது செய்து கொடுத்தாலும் அது காட்டப் போவது இவ்வளவுதான். ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்க விதிப்படி பெரும்பாதை எஞ்சினின் ஹெட்லைட் 800 அடி தள்ளி நிற்கும் ஓர் ஆளைக் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட 244 மீட்டர். அது நேர்பாதைக்கான கணக்கு.

ஊட்டி ரயிலைப் பற்றி ஒரு இடைச்செருகல். குன்னூர் ஏற்றத்தில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும், மேலே போகும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். அங்கே முன்னால் எஞ்சினே இல்லை. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஒருவர் நின்று பாதையைப் பார்ப்பார். வளைவுக்கு ஏற்பத் திரும்புகிற ஒரே முகப்பு அவருடைய தலைதான்.

நீங்கள் அனுப்பிய காணொளியில் இருப்பது வேறு சமாசாரம். அதற்கு மார்ஸ் லைட் என்று பெயர், 1930களில் வந்தது. ஒரு மோட்டார் அந்த விளக்கை எட்டு வடிவத்தில் ஆட்டிக்கொண்டே இருக்கும், பாதை வளைந்தாலும் வளையாவிட்டாலும். அது பார்ப்பதற்கான விளக்கு இல்லை, பார்க்கப்படுவதற்கான விளக்கு. லெவல் கிராசிங்கில் நிற்கிறவர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு உருப்படியான விடையைக் கண்டவர்கள் கனடாக்காரர்கள் என்று நினைக்கிறேன். மேற்கு மலைகளில் பாறை சரிந்து பாதையில் கிடக்கும் தொல்லை அவர்களுக்கு உண்டு. விளக்கைத் திருப்பும் வம்புக்கே போகாமல், எஞ்சினின் அடிமுகப்பில் இரண்டு பக்கமும் தனித்தனியாக விளக்குகளை மாட்டி, ஓரங்களிலும் வளைவிலும் வெளிச்சம் விழும்படி சாய்த்து வைத்தார்கள். டிச் லைட் என்று பெயர். இடது வளைவு வந்தால் ஒன்று பயன்படும், வலது வந்தால் மற்றது. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. பிறகு அமெரிக்கா வேறொரு காரணத்துக்காக அதைப் பிடித்துக்கொண்டது. மூன்று விளக்கு முக்கோணமாகத் தெரிந்தால் வருவது ரயில் என்று தூரத்திலேயே அடையாளம் தெரியும். 1997 டிசம்பர் 31 முதல், மணிக்கு 20 மைலுக்கு மேல் வேகத்தில் கிராசிங்குகளைக் கடக்கும் எஞ்சின்களுக்கு இந்தத் துணைவிளக்குகள் அங்கே கட்டாயம்.

எங்கள் இந்திய ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தடத்தில் ஓட்டப் போகும் லோகோ பைலட், அந்தத் தடத்தில் பகலும் இரவும் வேறு ஒருவர் ஓட்டும் வண்டியில் கூடவே போய்ப் பாதையைப் படித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் தனியாக ஓட்டலாம். 'ரோடு லேர்னிங்' என்பார்கள். எந்தக் கிலோமீட்டர் கல்லில் வளைவு, எங்கே சிக்னல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் தலைக்குள் இருக்கும். போகிக்குத் தெரியாத அடுத்த வளைவு அவருக்குத் தெரியும். இன்றைக்கு யாராவது திரும்பும் ரயில் விளக்கு செய்வதாக இருந்தால் போகியைத் தொடவே வேண்டாம். பாதை எங்கும் ஓடிப் போகாது. அதன் வரைபடத்தையும் வண்டி நிற்கும் இடத்தையும் விளக்குக்குச் சொல்லிவிட்டால் வளைவுக்கு முன்பே திரும்பிக்கொள்ளும். ஆனால் மலை மறைக்கும் இடத்தில் அதற்கும் அதே 56 மீட்டர்தான். பள்ளத்துப் பக்கம் வளைகிற இடங்களில் மட்டும் தூரத்துக்குத் தெரியும். அங்கே நிலாவே போதும் என்று உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லக்கூடும்.

பழைய கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டு இந்தக் கடிதத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அம்மா நேரம் பார்த்த வெளிச்சத்தைப் பற்றி ஒரு சந்தேகம். வளையல் கணக்குப்படி எஞ்சினின் வெளிச்சம் வளைவின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் துடைத்துக்கொண்டு போகும். ஏறும் வண்டி, இறங்கும் வண்டி இரண்டுக்கும் அதே பக்கம். அப்படியானால் உங்கள் லயம் வளைவின் வெளிப்புறத்தில் இருந்திருக்க வேண்டும். வளைவின் உள்பக்கத்து லயங்களில் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் வந்திருக்காது. அவர்கள் நேரத்துக்கு என்ன செய்தார்கள்? விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்